உடற்றிணிவுச் சுட்டியும் அகவையும்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியரிடமிருந்து இலக்கிய ஆராய்ச்சி ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ வேறு. யட்டவத்தப் பகுதியிலே, மலைச்சரிவுகளிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் யாம், ஒருமுறை ஓர் எண்ணைப் பிழையாகப் படித்தோம். சொல்லைப் பிழையாகப் படித்தால் பொருள் கெடும். அந்த எண்ணைப் பிழையாகப் படித்தமையால் ஒரு பிள்ளையின் நலமே கவனிப்பாரற்றுப் போக இருந்தது. அதுவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலை மருத்துவப் பரிசோதனையை முன்னிட்டு மாணவரின் உயரத்தையும் நிறையையும் அளந்து குறிக்கும் பணி எம்மிடம் வந்தது. பத்து வயது நிரம்பிய சிறுவன் ஒருவனை அளந்தோம். உயரம் 122 சென்ரிமீற்றர், நிறை 24.4 கிலோகிராம். வாய்பாட்டின்படி கணக்கிட்டபோது 16.4 என விடை வந்தது. பத்து வயதுச் சிறுவர்க்குரிய அட்டவணையைப் பார்த்தோம்; அங்கேயும் நடு மதிப்பு 16.4 என்றே இருந்தது. அன்று அவன் தாயார் வாயிலில் நின்றார். "ஐயா, மற்றப் பிள்ளைகளைப் பார்க்க இவன் சிறுத்துப் போயிருக்கிறான். ஏதும் குறை இருக்குமோ?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை அம்மா, கணக்குச் சரியாகவே இருக்கிறது" என்று கூறி அனுப்பிவிட்டோம்.

கணக்குச் சரிதான். ஆயினும் தாய் கண்டதே உண்மை. இஃது எவ்வாறு என்பதை விளக்குவதற்கு முன், அச்சுட்டி யாது, எங்கிருந்து வந்தது என்பனவற்றை அறிதல் நன்று.

சுட்டியின் பிறப்பு

ஒருவரின் நிறையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் அளந்து, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வரும் ஈவே உடற்றிணிவுச் சுட்டி எனப்படும். (உடல் என்பதும் திணிவு என்பதும் புணருமிடத்து லகரமும் தகரமும் றகரமாகத் திரிந்தன, கல்லும் தூணும் கற்றூண் ஆனவாறு.) எடுத்துக்காட்டாக, 1.65 மீற்றர் உயரமும் 62 கிலோ நிறையும் உடைய ஒருவருக்கு 1.65ஐ 1.65ஆற் பெருக்க 2.7225, அதனால் 62ஐ வகுக்க ஏறத்தாழ 22.8 ஆகும்.

இவ்வாய்பாட்டைக் கண்டவர் வைத்தியர் அல்லர். பெல்ஜிய நாட்டு வானியலாரும் புள்ளிவிபர வல்லுநருமாகிய அடொல்ப் கெற்றலே என்பவர் (1796–1874). விண்மீன்களின் அளவைகளை ஆராய்ந்த முறையாலேயே மனிதரையும் ஆராயப் புகுந்த அவர், 1835ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே சராசரி மனிதன் என்னும் கருத்தை நிறுவினார். மனிதன் எல்லாப் பக்கங்களிலும் ஒரே விகிதத்தில் வளர்வானாயின் அவன் நிறை உயரத்தின் கனத்திற்கேற்பப் பெருகுதல் வேண்டும். ஆனால் வளர்ந்தோரை ஒப்பு நோக்கியபோது, நிறை உயரத்தின் வர்க்கத்திற்கேற்பவே மாறக் கண்டார். பிறந்த முதலாண்டில் மாத்திரம் வளர்ச்சி கனத்தை ஒட்டிச் செல்வதையும், பூப்புப் பருவத்தில் நிறை மீண்டும் விரைந்து ஏறுவதையும் அவரே குறித்துள்ளார். ஆகவே, அகவைக்கு அகவை இக்கணக்கு மாறுபடும் என்னும் எச்சரிக்கை அதனைக் கண்டவரிடமே இருந்தது என்க.

அவர் நாடியது மக்கட் கூட்டத்தின் இயல்பையேயன்றித் தனி ஒருவரின் நோயையன்று. நெடுங்காலத்தின் பின் 1972இல், அமெரிக்க உடற்றொழிலியலாராகிய அன்சல் கீஸ் என்பவரும் அவர் துணைவரும், ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடவரை ஆராய்ந்து, நிறையையும் உயரத்தையும் கொண்டு கொழுப்பை மதிப்பிடும் முறைகளுள் கெற்றலேயின் முறையே எளியதும் ஏற்றதும் எனக் கண்டு, அதற்கு உடற்றிணிவுச் சுட்டி என்னும் இன்றைய பெயரை வழங்கினர். தராசு ஒன்றும் அளவுகோல் ஒன்றும் இருந்தாற் போதும் என்னும் எளிமையே இச்சுட்டி உலகெங்கும் பரவுதற்குக் காரணமாயிற்று.

வளர்ந்தோர்க்கு உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லைகள் பலரும் அறிந்தவை. 18.5இற்குக் கீழ் நிறைக்குறைவு, 18.5 முதல் 25 வரை இயல்பு. 25இற்கு மேல் மிகை நிறை. 30இற்கு மேல் உடற்பருமன். இருபது வயது இளைஞர்க்கும் எண்பது வயது முதியவர்க்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வெல்லைகள் ஒன்றே. இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது.

ஓர் எண், நான்கு பொருள்

நம் முன்னோர் பருவத்தைப் பிரித்தறிவதில் வல்லவர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் ஐந்தாம் மாதத்திற்குச் செங்கீரையும், ஒன்பதாம் மாதத்திற்குச் சப்பாணியும், தளர்நடை பயிலும் காலத்திற்கு வருகையும் எனக் குழவிப் பருவத்தையே கூறுகூறாக வகுத்தனர். பெண்ணின் அகவையைப் பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக ஏழாகப் பகுத்தனர். ஒரு பருவத்திற்குரியதை மற்றொரு பருவத்திற்கு ஏற்றிச் சொல்லுதல் வழுவாகும். உடற்றிணிவுச் சுட்டியைப் படிப்பதற்கும் இவ்விதியே பொருந்தும்.

உலக சுகாதார ஸ்தாபனம் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் வளர்ச்சி நியமங்களை 2006இலும், ஐந்து முதற் பத்தொன்பது வயது வரையுள்ளோர்க்குரிய அட்டவணைகளை 2007இலும் வெளியிட்டது. ஆண்பிள்ளைகளின் நடு மதிப்புக்களை அவற்றில் நோக்குவோம். பிறக்கும்போது 13.4, செங்கீரை ஆடும் காலத்தை ஒட்டி, ஆறு மாதமளவில் 17.3 ஆக உயர்கின்றது, ஓராண்டில் 16.8, எழுந்து நடந்து ஓடித் திரியத் தொடங்கியபின் படிப்படியாகக் குறைந்து, ஐந்து வயதில் 15 சொச்சத்தில் வந்து நிற்கின்றது. கொழுகொழுவென்றிருந்த குழந்தை நடக்கத் தொடங்கியதும் மெலிந்து விட்டதே என்று தாய்மார் வருந்துவதுண்டு. இஃது இயற்கையின் ஒழுங்கேயன்றி நோயன்று. ஐந்தாறு வயதின் பின் சுட்டி மீண்டும் ஏறத் தொடங்கும். பத்து வயதில் 16.4, பதினைந்து வயதில் 19.8, பத்தொன்பது வயதில் 22.2 என்பன நடு மதிப்புக்கள். ஐந்தாறு வயதிலே தோன்ற வேண்டிய இம்மறு ஏற்றம் மிக முன்னதாகவே தோன்றுமாயின், அப்பிள்ளை பிற்காலத்திற் பருமனாதற்கு வாய்ப்பு மிகுதி என 1984இல் பிரெஞ்சு ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

இனி 16.4 என்னும் ஒரே எண்ணை நான்கு பேரிடம் வைத்துப் பார்ப்போம். ஐந்து வயதுச் சிறுவனிடம் அது மிகை நிறையின் எல்லையாகிய 16.6ஐ நெருங்கிய மதிப்பாகும். பத்து வயதுச் சிறுவனிடம் அதுவே நட்ட நடு மதிப்பு. பதினைந்து வயது மாணவனிடம் மெலிவின் எல்லையாகிய 16.0இற்குச் சற்றே மேற்பட்டது. முப்பது வயது ஆடவரிடம் ஐயத்திற்கு இடமற்ற நிறைக்குறைவு. எண் ஒன்று, பொருள் நான்கு. ஆதலால், பிள்ளையின் சுட்டியை வளர்ந்தோர் அட்டவணையில் வைத்துப் படித்தல் பெரும்பிழை. பிறந்த திகதியைப் பிழையாகக் குறித்தல் அதற்கு அடுத்த பிழை.

பூப்புப் பருவத்தின் முன்பின் மற்றொரு தடை. பதின்மூன்று வயது மாணவர் இருவருள் ஒருவன் மீசை அரும்பி நெடிது வளர்ந்திருப்பான். மற்றவன் இன்னும் சிறுவனாகவே இருப்பான். பிறந்த திகதி ஒன்றாயினும் உடலின் அகவை ஒன்றன்று. அட்டவணை பிறந்த திகதியை மாத்திரமே அறியும்.

அளக்கும் கையின் பிழையும் சிறிதன்று. 27 கிலோ நிறையும் 130 சென்ரிமீற்றர் உயரமும் உடைய பிள்ளையின் சுட்டி 16.0. சப்பாத்தைக் கழற்றாமலோ கொண்டையோடு சேர்த்தோ அளந்து உயரத்தை 132 எனக் குறித்துவிட்டால், சுட்டி 15.5 ஆகிவிடும். உயரம் வர்க்கிக்கப்படுவதால் அதிலுள்ள பிழையும் இரட்டிக்கின்றது.

குள்ளத்தை மறைக்கும் சுட்டி

இப்போது எம் மாணவனிடம் மீள்வோம். பரிசோதனை நாளன்று வந்த சுகாதார உத்தியோகத்தர் எமது பதிவேட்டை நோக்கினார். சுட்டியைப் பார்ப்பதற்கு முன் உயர நிரலிலே விரலை வைத்தார். பத்து வயதுச் சிறுவரின் நடு உயரம் ஏறத்தாழ 138 சென்ரிமீற்றர். 125இற்குக் கீழ்ப்பட்டால் அது வளர்ச்சி குன்றிய நிலை. எம் மாணவனின் 122 என்பது ஏழு வயதுப் பிள்ளையின் நடு உயரம். நிறையும் அதே அளவிற் குறைந்திருந்தமையால், ஒன்றை ஒன்று மறைத்து, வகுத்தபோது விடை மாத்திரம் அழகாக வந்தது. தொகுதியும் பகுதியும் ஒருங்கே சிறுத்தால் ஈவு மாறாது என்பதைக் கணித ஆசிரியர் எவரும் சொல்வர். யாமோ அதை நினைத்திலோம்.

நூறு பேருள் ஒருவர்க்கு நேரும் புதுமை என இதனைத் தள்ளிவிடுதல் இயலாது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2016ஆம் ஆண்டில் நடத்திய குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்குப் பதினேழு பேர் வளர்ச்சி குன்றியோர். தோட்டத் துறையிலோ அத்தொகை நூற்றுக்கு முப்பத்திரண்டு. மூவருள் ஒருவர் என்னும்படி வளர்ச்சி குன்றிய இடத்திலே சுட்டியை மாத்திரம் நம்பினால், நெடுங்காலப் பசியின் அடையாளம் கண்ணுக்குப் படாமலே போகும். அண்மைக்கால மெலிவையும் பருமனையும் சுட்டி காட்டும்; ஆண்டுக்கணக்கான குறையை உயரமே காட்டும். இரண்டையும் ஒருங்கே படித்தல் வேண்டும்.

முதுமையில் சுட்டி

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் ஐம்பதையும் அறுபதையும் கடந்தவர். அவர்கட்கும் இச்சுட்டி சொல்வதும் சொல்லாததும் உண்டு.

வளர்ந்தோரிடம் சுட்டி நடு வயது ஈறாக மெல்ல ஏறி, முதுமையில் இறங்குவது பொது இயல்பு. ஆனால் அந்த எண்ணுக்குள்ளே நிகழும் மாற்றம் வேறு. ஆண்டுதோறும் தசை குறைகின்றது. அவ்விடத்தைக் கொழுப்பு நிரப்புகின்றது. அக்கொழுப்பும் கைகால்களை விட்டு வயிற்றைச் சென்றடைகின்றது. இருபத்தைந்தில் 23ஆக இருந்த சுட்டி அறுபத்தைந்திலும் 23ஆகவே இருப்பின், "நான் மாறவில்லை" என்று ஒருவர் மகிழலாம். தராசு மாறவில்லை, உடல் மாறிவிட்டது. இத்தசைத் தேய்வுக்கு 1989இல் தனிப் பெயரே இட்டனர் அறிஞர்.

உயரமும் நிலையானதன்று. அமெரிக்க நாட்டுப் பால்ற்றிமோர் நகரில் நெடுங்காலம் நடைபெற்ற ஓர் ஆய்வின்படி, முப்பது வயதுக்கும் எழுபது வயதுக்கும் இடையில் ஆடவர் சராசரியாக 3 சென்ரிமீற்றரும் பெண்டிர் 5 சென்ரிமீற்றரும் உயரம் குறைகின்றனர். முதுகெலும்பின் இடைத்தட்டுக்கள் தேய்தலும், எலும்பு நலிதலும், முதுகு கூனலுமே காரணம். 155 சென்ரிமீற்றர் உயரமும் 55 கிலோ நிறையும் உடைய பெண்ணின் சுட்டி 22.9. நிறை சிறிதும் கூடாமல் உயரம் மாத்திரம் 150ஆகக் குறைந்தால், சுட்டி 24.4 ஆகிவிடும். உண்ணாத உணவுக்கு இவர் பழி ஏற்கின்றார். கூன் விழுந்தோர்க்கு உயரத்திற்குப் பதிலாகக் கைகளை விரித்த நீளத்தையோ முழங்காலளவையோ கொண்டு கணிப்பது இதனாலேயே.

மேலும், முதியோர்க்குச் சற்றே மிகையான நிறை கேடு செய்வதில்லை என்பதும் ஆய்வாளர் கண்ட முடிபு. அறுபத்தைந்து வயது கடந்தோரைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 25இற்கும் 30இற்கும் இடைப்பட்டோரிடம் இறப்பின் அபாயம் கூடவில்லை என்றும், 23இற்குக் கீழே இறங்கியோரிடமே அது கூடுகின்றது என்றும் காட்டியது. அதில் அடங்கியோர் பெரும்பாலும் மேலைநாட்டார் ஆதலின் அவ்வெண்களை அப்படியே நமக்கு ஏற்றுதல் தகாது. எனினும், நம் வீட்டு முதியவர் முயலாமலே மெலிந்து வந்தால், "நல்லது, உடம்பு குறைகிறது" என்று மகிழாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் கடன்.

நம்மவர் உடல்

அகவையோடு இனமும் வாழ்நிலமும் சுட்டியின் பொருளை மாற்றுகின்றன. இதற்கு அறிஞர் உலகம் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. பூனே நகர வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அவர்களும் இலண்டன் நகர வைத்தியர் ஜோன் யுட்கின் அவர்களும் தம் இருவரையுமே அளந்து, 2004இல் லான்செற் என்னும் வைத்திய இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் சுட்டி 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1; யாஜ்னிக்குக்கு நூற்றுக்கு 21.2. ஒரே எண்ணுக்குள் இருமடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு!

இது கருவிலேயே தொடங்குகின்றது என்பதையும் யாஜ்னிக் குழுவினர் காட்டியுள்ளனர். பூனேயைச் சூழ்ந்த சிற்றூர்களிற் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ரன் நகரக் குழந்தைகளின் நிறை 3.5 கிலோ. தசையிலும் வயிற்றுறுப்புக்களிலும் நம் நிலத்துக் குழந்தை மெலிந்தது. தோலின் கீழுள்ள கொழுப்பிலோ அத்துணை மெலிந்ததன்று. இவ்வாறு மெலிந்தும் கொழுத்தும் பிறந்த உடல், பிற்காலத்தில் அமர்ந்த தொழிலும் மிகுந்த சோறும் சீனியும் வாய்க்கும்போது, குறைந்த சுட்டியிலேயே நீரிழிவுக்கு இரையாகின்றது. இதனையெல்லாம் கருதியே, 2002இல் சிங்கப்பூரிற் கூடிய உலக சுகாதார ஸ்தாபனத்தின் வல்லுநர் குழு, ஆசிய மக்கள் 25 வரை காத்திராது 23இலேயே விழித்துக்கொள்ள வேண்டும் எனப் பரிந்துரைத்தது. சென்னையில் வைத்தியர் மோகன் அவர்களின் குழு 2005இல் வகுத்த நீரிழிவு அபாயக் கணிப்பு, வயது, இடைச்சுற்றளவு, குடும்ப வரலாறு, உடலுழைப்பு என்னும் நான்கையே கேட்கின்றது. உடற்றிணிவுச் சுட்டிக்கு அதில் இடமில்லை.

தசை மிகுந்தோரிடம் பிழை எதிர்த்திசையில் நேரும். மூட்டை சுமக்கும் தொழிலாளியும் பளுதூக்கும் வீரனும் 27 காட்டினும் பருமனானவர் அல்லர். வீக்கமுற்ற நோயாளியின் நீரும் தராசில் நிறையாகவே ஏறும். கருவுற்ற தாயின் சுட்டியைக் கருவுற்ற தொடக்கத்திலே கணித்தாலன்றிப் பயனில்லை.

செய்யத்தக்கது

இவ்வளவு குறை கூறியமையால் சுட்டியை எறிந்துவிடுக என்பது எம் கருத்தன்று. பெருந்தொகையினரை விரைந்து சலித்தெடுக்க இதனினும் எளிய கருவி இல்லை. சல்லடை தங்கத்தைச் சோதிக்கும் உரைகல் ஆகாது என்பதே யாம் வேண்டுவது. 2025 தை மாதத்தில் லான்செற் இதழின் வல்லுநர் ஆணைக்குழுவும், சுட்டி ஒன்றை மாத்திரம் கொண்டு தனியொருவரின் பருமன் நோயைத் தீர்மானித்தல் தகாது, இடைச்சுற்றளவு முதலிய பிறிதோர் அளவையும் வேண்டும் என்றே கூறியது. வள்ளுவரும் மருந்து அதிகாரத்திலே, நோயாளியையும் நோயையும் காலத்தையும் ஒருங்கே அளந்து செய்தலே வைத்தியன் கடன் என்றார்.

ஆசிரியர்க்கு மூன்று கூறுவோம். உயரத்தைச் சப்பாத்தின்றி, குதிகாலும் முதுகும் சுவரிற்பட நிறுத்தி அளக்க. சுட்டியோடு, வயதுக்கேற்ற உயரத்தையும் தவறாது நோக்குக. ஒருமுறை பெற்ற எண்ணிலும் பலமுறை பெற்ற எண்களின் போக்கையே நம்புக.

பழைய மாணவர்க்கு ஓர் எளிய சோதனை கூறுவோம். தம் உயரத்தின் அளவு நூல் ஒன்றை எடுத்து, இரண்டாக மடித்து, கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வயிற்றைச் சுற்றிப் பிடிக்க. இரு நுனியும் முட்டினால் நன்று. முட்டாவிடின், சுட்டி எதைக் கூறினும் குருதியிற் சீனியையும் இரத்த அமுக்கத்தையும் சோதித்தல் வேண்டும். இடைச்சுற்றளவு உயரத்தின் பாதிக்கு மேற்படலாகாது என்னும் இவ்விதியை இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டிகளும் 2022 முதல் ஏற்றுள்ளன.

முடிவாக ஒன்று. சுகாதார உத்தியோகத்தர் சுட்டிக்காட்டிய அன்றே பிற்பகல், அத்தாயின் இல்லத்திற்குச் சென்று எமது பிழையைக் கூறினோம். அவர் எம்மைக் கடிந்திலர். உள்ளே தவழ்ந்துகொண்டிருந்த இளைய குழந்தையைத் தூக்கி வந்து, "இவனையாவது பாருங்கள், ஐயா" என்றார். மூத்தவன் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்பப்பட்டான். குருதிச்சோகைக்கும் குடற்புழுவுக்கும் மருந்து பெற்றான். இழந்த உயரம் பத்து வயதின் பின் முற்றும் மீளுதல் அரிது. இளையவனோ இரண்டு வயது நிரம்பாதவன். குன்றலைத் தடுத்தற்கு உரிய காலம் அதுவே. அவன் மாதந்தோறும் நிலையத்தில் நிறுக்கப்பட்டான். நிறையோடு உயரமும் பதியப்பட்டது. அண்மையில் அவன் எமது பாடசாலையிலேயே முதலாம் வகுப்பிற் சேர்ந்தான். சேர்ந்த நாளில் அவனைச் சுவரோடு நிறுத்தி யாமே அளந்தோம். அகவைக்குரிய கோட்டிற்குச் சற்று மேலே நின்றான்.

அதன் பின்னரே அவன் சுட்டியைக் கணித்தோம்.